சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ்

19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் கொழும்பில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வந்தது. தலைப்பு ‘இங்கே வா’. சின்னத்துரை (தோட்டத்து உதவி மேலாளர்) சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகத்தக்க தமிழ் வழிகாட்டி என்றது துணைத்தலைப்பு. எழுதியவர் ஏ. எம். பெர்குசன்; ‘சிலோன் அப்சர்வர்’ பத்திரிகையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் நூல் அதே ஊரில் வெளியானது. அதன் பெயர் இன்னும் வெளிப்படை: ‘கூலித் தமிழ்’. தேயிலை, ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு விளங்கும் தமிழ், துரைமாருக்கும் துரைவேலை பழக வருவோருக்கும் என்றே அடுக்கித் தரப்பட்டது என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. ஸ்காட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ இருபது வயதை ஒட்டிக் கப்பலேறி வந்த ஓர் இளைஞன், வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பெரிய ஆட்கூட்டத்தை வேலைக்கு அனுப்பியாக வேண்டும். அவனுக்கு இலக்கணம் வேண்டாம், இலக்கியமும் வேண்டாம். விடியற்காலையில் என்ன சொல்வது, மலைச்சரிவில் நின்று என்ன சொல்வது, பங்களாச் சமையல்காரரிடம் என்ன சொல்வது என்பது தெரிந்தால் போதும். ஆங்கிலச் சொல், அதற்கு நேரான உள்ளூர்ச் சொல், அன்றாடம் உதவும் ஒரு வாக்கியம். இந்த வகை நூல்கள் உலகத்தில் எங்கே போனாலும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இவற்றைப் பற்றிக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கோபம் வரும், அப்புறம் சிரிப்பு வரும். இரண்டுமே நியாயம்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் நல்லதொரு வரலாற்றுச் சான்றைத் தவறவிட்டவர்கள் ஆவோம். ஒரு சொல்லகராதி எந்தச் சொற்களைச் சேர்த்தது என்பதைவிட, யார் யாரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாக்கியங்களை அமைத்தது என்பதே அந்தக் காலத்து உறவை அதிகம் காட்டிக்கொடுக்கும். நான் சொல்ல வருவது இதுதான்: தோட்டத்துச் சொற்புத்தகங்கள் துரைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தன, கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அதன் விளைவாக, எந்த இடையாளின் தயவு வேண்டாம் என்று அவை எழுதப்பட்டனவோ அந்த இடையாளின் பிடியே இறுகியது. நீலகிரியில் தோட்டத்துக்கு ஆட்களைத் திரட்டிவந்த கங்காணியும் மேஸ்திரியும் அத்தனை காலம் அசைக்க முடியாதவர்களாக இருந்ததற்கு முன்பணம் ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். மொழியும் ஒரு காரணம் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இந்தக் கதை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1936இல் கென்யாவில் எஃப். எச். லெ ப்ரெட்டன் என்பவர் உள்நாட்டுச் சுவாஹிலிக்கு ஒரு கைப்புத்தகம் எழுதினார். படைவீரர், குடியேறிய வெள்ளையர், சுரங்கக்காரர், வியாபாரி, அவர்களுடைய மனைவிமார் எல்லோருக்கும் என்று தலைப்பு நீள்கிறது. கடைசியில் ஒரு குறிப்பு: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உள்நாட்டு மக்களோடு காரியம் பார்க்க வேண்டிய அத்தனை பேருக்கும். இடையாளை ஒதுக்குவது என்ற நோக்கத்தை இவ்வளவு பச்சையாக வேறு யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. கெரிச்சோ மலைகளில் தேயிலை வந்தபோது லுவோ, கிசி, லூயா என்று பல மொழிக்காரர்கள் வேலைக்கு வந்தார்கள். வேலைமொழி சுவாஹிலி ஆயிற்று. மூணாற்றிலும் இலங்கையிலும் தோட்டம் நடத்திய ஜேம்ஸ் பின்லே நிறுவனம்தான் 1920களில் கெரிச்சோவிலும் கால்வைத்தது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஒற்றுமை தற்செயலாகத் தோன்றாது. வெள்ளையர் பேசிய சுவாஹிலிக்குக் ‘கிசெட்லா’ என்று கேலிப்பெயரே உண்டு. சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும். வகுப்புக்கு ஏற்றபடி பெயரடையும் வினையும் முன்னொட்டு மாறும். கிசெட்லா இதையெல்லாம் உதறிவிட்டது. ஏவல்வினையும் கொஞ்சம் பெயர்ச்சொற்களும் இருந்தால் வேலை நடக்கும் என்றால் மற்றதற்கு ஏன் சிரமப்பட வேண்டும்? (இடையில் ஒரு சின்னச் செய்தி: கடைக்குச் சுவாஹிலியில் டுகா, வண்டிக்கு காரி, இலட்சத்துக்கு லகி. இவை நம் நாட்டு வியாபாரிகளோடு கடல் கடந்த சொற்கள். இவற்றைக் கற்க அங்கே யாருக்கும் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.)

நீலகிரிக்கு வருவோம். அந்த மலையில் பல மொழிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் தேயிலையோடு வந்ததல்ல. தோடர் எருமை மேய்த்து நெய் கொடுத்தார்கள். ஏழு ஊர்களில் வாழ்ந்த கோத்தர் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், மற்றவர் வீட்டுச் சாவுக்கு வாத்தியம் வாசித்தார்கள். படகர் தானியம் விளைத்தார்கள். குறும்பர் காட்டுப்பொருளும் மந்திரமும் கொண்டுவந்தார்கள். இவர்களுக்கிடையே பொதுமொழியாகப் பெரிதும் புழங்கியது படகர் பேசும் படகு மொழி. கோத்தருக்கும் தோடருக்கும் அது தெரியும். கோத்தர் பேசுவதைத் தோடரும், தோடர் பேசுவதைக் கோத்தரும் ஓரளவு புரிந்துகொள்வார்கள். ஒரு வரி அச்சிடப்படாமல், ஒரு பள்ளிக்கூடம் இல்லாமல், பல தலைமுறைகளாக நடந்த ஏற்பாடு இது. இதில் மேல்கீழ் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. கோத்தரைத் தாழ்வாக நடத்திய வழக்கங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு இரண்டு பக்கமும் போய்வந்தது. கொழு வேண்டுமென்று படகர் கேட்டால், அடுத்த அறுவடையில் எத்தனை படி தானியம் என்று கோத்தர் திருப்பிக் கேட்க முடிந்தது.

வெளியார் இந்த மலைக்கு வந்து பேசியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு 1603ஆம் ஆண்டினது. கோழிக்கோட்டுப் பக்கமிருந்து மலையேறிய ஏசு சபைத் துறவி யாகோமே பெனிசியோ, பழைய கிறிஸ்தவர்கள் யாராவது அங்கே மறைந்து வாழ்கிறார்களா என்று பார்க்கத்தான் வந்தார். தோடப் பூசாரியோடு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். அவர் எழுதிய கடிதத்தை 1906இல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தம்முடைய ‘தோடர்கள்’ நூலில் சேர்த்து வெளியிட்டார். அதில் கேள்வி இருக்கிறது, பதிலும் இருக்கிறது. பிறகு 1819க்கு மேல் ஜான் சல்லிவன் வந்து, உதகை ஊராகி, பாதிரிமாரும் அதிகாரிகளும் குடியேறியபோது சொற்பட்டியல்கள் பெருகின. கேத்தியில் இருந்த பாசல் மிஷன் பாதிரியார் பிரீட்ரிக் மெட்ஸ் மலை முழுக்க நடந்தவர். 1857இல் தோடர் பேச்சுக்கு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் தோடத்தையும் கோத்தத்தையும் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருந்தது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் எழுதிய பழங்குடி நூல் அவர் இறந்த பின் 1873இல் வந்தது. மெட்ஸைப் பயிற்றுவித்த அதே பாசல் பள்ளியில் அவருக்கு முன் படித்த யோகான் கிராப்ஃப்தான் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் 1850இல் சுவாஹிலிக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய சுவாஹிலி அகராதி 1882இல் அச்சானது. இந்தப் பாதிரிமாரின் உள்நோக்கத்தை எப்படி வேண்டுமானாலும் எடை போடலாம். ஆனாலும் மனம் மாற்ற வந்தவனுக்கு எதிராளி என்ன நினைக்கிறான் என்பது தெரிந்தே ஆக வேண்டும். அந்தத் தேவையே அவர்களைக் கேட்க வைத்தது.

இதற்கு இன்னும் நல்ல சான்று ஜி. யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். 1859 முதல் பத்தாண்டுக்கு மேல் அவர் உதகையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். தோட மொழிக்கு ஒரு சுருக்க இலக்கணமும் எழுதினார். கர்னல் மார்ஷல் 1873இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் அது இடம்பெற்றது. பேச்சுத் தமிழைப் பாடம் பாடமாகக் கற்பிக்க அவர் எழுதிய கைநூல் 1850களிலேயே வந்து, திரும்பத் திரும்பப் பதிப்பு கண்டது. ஆக, தேயிலைத் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்த அதே மலையில், பேச்சுத் தமிழை முறையாகக் கற்பிக்கத் தெரிந்த மிகப் பெரிய ஆசிரியர் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். விரும்பியிருந்தால் துரைமார் அந்த வழியில் போயிருக்கலாம். ஜில்லா அதிகாரிகள் போனார்கள். மொழித் தேர்வில் தேறாமல் அவர்களுக்கு உத்தியோகம் நிலைக்காது, மனுக்காரர் சொல்வது புரியாமல் கச்சேரி நடத்தவும் முடியாது. துரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவனிடம் மனு கொடுக்கும் உரிமை தோட்டத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

தோட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830களில் கேத்தியில் தேயிலைச் செடி சோதனைக்கு நட்டுப் பார்க்கப்பட்டது. 1850களில் குன்னூரில் மான் என்பவர் பயிர் செய்து காட்டினார். காப்பியும், மெக்ஐவர் வளர்த்த சின்கோனாவும் ஒரு காலம் ஓகோவென்று இருந்து, பிறகு தேயிலைக்கு வழிவிட்டன. ஆட்கள் கீழ்நாட்டிலிருந்து வந்தார்கள்: மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், கோயம்புத்தூர், சேலத்துத் தமிழர்கள், கூடலூர்ப் பகுதியில் மலையாளம் பேசுகிறவர்கள். ஆட்களைத் திரட்டியது கங்காணி அல்லது மேஸ்திரி. பஞ்சகாலத்தில் ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டப்படி மாஜிஸ்திரேட்டு சிறைக்கு அனுப்பலாம். அது போதவில்லை என்று மலைத்தோட்டங்களுக்கென்றே சென்னை மாகாணம் 1903இல் தனிச் சட்டம் செய்தது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு பின்னாளில் செயல்பட்ட உபாசி, தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கம், 1893இல் தொடங்கப்பட்டது. சட்டம் துரை பக்கம், சங்கம் துரை பக்கம். ஒன்றே ஒன்றுதான் துரை கையில் இல்லை. அது ஆட்களின் பேச்சு.

இந்த இடத்தில்தான் சட்டைப்பைப் புத்தகம் வருகிறது. இத்தகைய நூல்கள் வேலை நடக்கும் வரிசையில் ஓடுவது வழக்கம்: பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), களையெடுப்பு, கொழுந்து, கவாத்து, பங்களா, குதிரை. வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவல். அதிலும் ஒருமை ஏவல். தமிழில் ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் உள்ள தூரம் தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயதிலேயே தெரியும். பேரன் பேத்தி எடுத்த கிழவரையும் நேற்று வந்த பையன் ‘வா’ என்று கூப்பிடலாம் என்பதை இந்தப் புத்தகங்கள் இலக்கண விதியாகவே ஆக்கிக்கொடுத்தன. பெர்குசன் தம் நூலுக்கு வைத்த தலைப்பே அந்த விதிக்கு எடுத்துக்காட்டு.

வேலைக்கருவியிடம் பண்பாட்டை எதிர்பார்ப்பது தவறு என்று ஒருவர் மறுக்கலாம். பட்டாளத்துப் பயிற்சிக் கையேட்டிலும் ஏவல்தான் இருக்கும், கப்பலோட்டியின் கையேட்டிலும் ஏவல்தான் இருக்கும். அது சரி. ஆனால் பட்டாளத்தில் ஏவலுக்கு மறுமொழியும் கற்பிக்கப்படுகிறது. கப்பலில் மாலுமி உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் கையேட்டில்கூட விலை கேட்கும் வாக்கியத்தோடு கடைக்காரர் சொல்லக்கூடிய எண்களும் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டுப் பயனில்லை. தோட்டத்துப் புத்தகத்தில் எதிராளியின் பங்கு பெரும்பாலும் உடம்பின் அசைவு மட்டும்: வருவது, போவது, எடுப்பது, நிறுத்துவது. கேள்வி வந்தாலும் ஆம், இல்லை என்று முடித்துவிடக்கூடிய கேள்வி, அல்லது ஓர் எண்ணில் முடியும் கேள்வி.

ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி கூடையை இறக்கித் தராசில் கொட்டுகிறாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு ஒரு எண்ணைக் கூவுகிறார். அது செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறுகிறது. சின்னத்துரை பக்கத்தில் நிற்கிறான். அவனுக்கு எண்கள் தெரியும். கொழுந்து, முற்றல், ஈரம் என்ற சொற்களும் தெரியும். இப்போது அந்தப் பெண் வாய் திறந்து, “மழையே பெய்யலைங்களே, நேத்தைவிட இன்னிக்கு ரெண்டு ராத்தல் கூடக் கழிச்சிருக்காங்களே” என்கிறாள். மறுப்பு, ஒப்பீடு, நேற்று, இன்று, இன்னார் செய்தார் என்ற குற்றச்சாட்டு எல்லாம் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. சட்டைப்பைப் புத்தகம் படித்தவனுக்கு இதில் ‘மழை’யும் ‘ரெண்டு’ம் விளங்கியிருக்கும். என்ன சொல்கிறாள் என்று அவன் யாரைக் கேட்பான்? கணக்கப்பிள்ளையைத்தான் கேட்பான், அல்லது பக்கத்தில் நிற்கும் கங்காணியை. குற்றம் சாட்டப்பட்டவரே மொழிபெயர்ப்பாளர். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. அவர் கூட்டிவந்த ஆள் வேலைக்குப் போனால்தான் அவருக்கு அந்த வருமானம். முன்பணக் கணக்கு அவர் கையில். லயத்தில் யாருக்கு எந்த அறை, ஊருக்குப் போக யாருக்கு லீவு என்பதிலும் அவர் சொல் எடுபடும். இதற்கெல்லாம் மேலே, ஆளின் வாய்க்கும் துரையின் காதுக்கும் நடுவே இருந்த ஒரே வாசலும் அவரே. புத்தகம் வருவதற்கு முன் துரையின் கட்டளையும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போனது. ஆகவே கங்காணி நினைத்தால் கட்டளையை மென்மையாக்கலாம், தள்ளிப்போடலாம், அதற்கு விலையும் வாங்கலாம். புத்தகம் வந்த பின் கட்டளை நேராகப் போயிற்று. பதில் மட்டும் பழைய வாசல் வழியே வந்தது. தன் கட்டளையை ஆள் புரிந்துகொண்டான் என்பதைக் கண்ணால் பார்த்த துரைக்குத் தமிழ் தெரியும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் ஆபத்து. மொழி தெரியாது என்று நினைக்கிறவன் இன்னொருவரைக் கேட்டுச் சரிபார்ப்பான். தெரியும் என்று நினைப்பவன் கேட்க மாட்டான்.

தமிழை நன்றாகப் பேசிய துரைமார் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். முப்பது வருஷம் மலையில் கிடந்து, பழமொழி சொல்லி, வசவும் கற்று, லயத்துச் சண்டையைத் தீர்த்துவைத்த பெரியதுரைகளைப் பற்றிய நினைவுகள் தோட்டங்களில் உண்டு. ஆனால் அவர்கள் புத்தகத்தால் கற்கவில்லை, புத்தகத்தைத் தாண்டிக் கற்றார்கள். அவர்கள் கற்ற தமிழும் பெரும்பாலும் ஒருமையிலேயே நின்றது. காது திறந்த பிறகும் வாய் பழைய இலக்கணத்தை விடவில்லை. இன்னொரு மறுப்பு: இவை கொழும்புப் புத்தகங்கள், நீலகிரிக்கு என்ன சம்பந்தம்? 1869இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் கண்டதும் அங்கிருந்த துரைமார் பலர் தென்னிந்திய மலைகளுக்கு இடம் மாறினார்கள். பாக் நீரிணையின் இரண்டு கரைக்கும் தமிழ்நாட்டுக் கீழ்நாட்டு மாவட்டங்கள் ஆட்களைக் கொடுத்தன. கங்காணி என்ற அமைப்பும் பொது. வித்தியாசம் ஒன்று உண்டு, அது என் வாதத்துக்கு வலு சேர்ப்பது. இலங்கை மலைகளில் தோட்டத்து ஆள் என்றால் பெரும்பாலும் தமிழர். நீலகிரியில் கன்னடமும் மலையாளமும் படகும் பணியர் பேச்சும் கலந்து கிடந்தன. இங்கே தமிழ் மட்டும் கற்ற துரைக்கு ஆட்களில் ஒரு பகுதியினரோடு அந்தத் தமிழும் உதவாது. இடையாளின் தேவை இங்கே இன்னும் கூடுதல்.

புத்தகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது? தொழிலாளிக்கு யாரும் ஆங்கிலச் சொற்பட்டியல் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. அவர்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். ‘பரேடு’ பிரட்டு ஆயிற்று. அது நடக்கும் இடம் பிரட்டுக்களம். வரிசை வீடு லயம் ஆயிற்று, கூடலூர்ப் பக்கம் பாடி. செக்ரோல், ஸ்டோரு, கண்டக்டர் ஐயா, டீ மேக்கர், ரைட்டர். இலங்கையில் அரை நாள் கூலிக்கு அரைப்பேர், கடன் கணக்கு எழுதிய சீட்டுக்குத் துண்டு. அந்தத் துண்டு முறையே 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கவனித்தால் இந்தப் பட்டியலிலும் ஒரு நோக்கம் தெரியும். ஏவல்வினை எதையும் அவர்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. இடங்கள், பதவிகள், கணக்குப் புத்தகங்கள், கூலியின் அளவு: தங்களை ஆள்கிற அமைப்பின் உறுப்புகளுக்கு மட்டும் பெயர் எடுத்துக்கொண்டார்கள். வேலன்டைன் டேனியல் 1993இல் இலங்கைத் தோட்டத் தமிழரின் தேயிலைப் பேச்சை ஆராய்ந்து எழுதியபோது, துரையின் வேளாண்மைப் பேச்சும் தொழிலாளியின் பேச்சும் ஒரே செடியைப் பற்றியவை என்றாலும் வேறு வேறு உலகங்கள் என்பதை விரிவாகக் காட்டினார். நம் மலைகளைப் பற்றி அப்படி யாராவது எழுதினால் நல்லது. வால்பாறையைக் களமாகக் கொண்ட பி. எச். டேனியலின் 1969ஆம் ஆண்டு ஆங்கில நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. அது தோட்ட வாழ்வை எழுத்தில் கொண்டுவந்தது, ஆனால் நாவலை அகராதியாகப் பயன்படுத்த முடியாது.

பழங்குடி மொழிகளின் கணக்கு வேறு மாதிரி திரும்பியது. 1935க்கும் 1938க்கும் இடையே மொழியியலாளர் எம். பி. எமனோ இந்தியாவுக்கு வந்து நீலகிரியில் தோடம், கோத்தம், படகு மூன்றையும் ஆராய்ந்தார். சொற்பட்டியலோடு நிற்காமல் கதைகளாகவே எழுதி வாங்கினார். 1940களில் நான்கு பகுதிகளாக வந்த அவருடைய கோத்தப் பனுவல்களைச் சொன்னவர் சுள்ளி என்ற ஒரே மனிதர். பள்ளி ஆசிரியராக இருந்த கோத்தர், பல மொழி தெரிந்தவர், மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் வழிகாட்டி. மெட்ஸின் பட்டியலில் கோத்தரோ தோடரோ ஒரு சொல்லாக நிற்கிறார்கள்; சுள்ளி பக்கம் பக்கமாகப் பேசுகிறார், தம் மக்களைப் பற்றித் தாமே தீர்ப்பும் சொல்கிறார். கேட்கத் தயாரான ஒருவர் வந்ததும் பதில் எவ்வளவு நீளமாக வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. படகுக்கு பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்தியான் பிலோ-ரைஷூரும் சேர்ந்து செய்த அகராதி 1992இல் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கு முறையான அகராதி கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. தோட்டத்துக்கு அந்த மொழி தேவைப்படவில்லை என்பது தாமதத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

துரைத் தமிழின் முடிவு எப்படி வந்தது? துரைமார் கப்பலேறியதால் மட்டும் வரவில்லை. 1947இன் தொழில் தகராறுச் சட்டம், 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிற்சங்கங்கள் ஆகியவை சேர்ந்து ஒரு புதிய வாசலைத் திறந்தன. இனி தொழிலாளியின் புகார் எழுத்தில் வரும். நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சார்ஜ் ஷீட் கொடுத்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். கங்காணி முறை விடுதலைக்குப் பிறகும் சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடந்து ஒழிந்தது. எந்த மொழிப்புத்தகமும் சாதிக்காததை இந்தக் காகிதங்கள் சாதித்தன: கேட்பதைக் கட்டாயமாக்கின. சுவாஹிலியின் பாதை வேறு. 1930இல் அமைந்த மொழிக்குழு சான்சிபார் வழக்கைத் தரமொழியாக்கியது; விடுதலைக்குப் பின் தான்சானியாவில் அது நாட்டின் மொழியாகவே ஆனது. அதிபர் நியரேரே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாஹிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். ஏவல் போதும் என்று ஒதுக்கப்பட்ட மொழிக்கு அது நல்ல மறுமொழி. தமிழுக்கு அப்படியொரு நிரூபணம் தேவைப்படவில்லை, அதனாலேயே தோட்டத்தில் நடந்தது நம் இலக்கிய வரலாற்றில் பதியாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமைக்கு நடுவே இருநூறு சொற்களின் சிறுமையை யார் கவனிக்கப் போகிறார்கள்?

மறுபடியும் நீலகிரிக்கு வருவோம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்பதாக ஆயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமாகிக் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி என்று குடியேறியவர்கள் கையோடு இலங்கைத் தோட்டத் தமிழையும் கொண்டுவந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட, நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்தெடுக்கிறார்கள். தமிழ் பேசும் மேற்பார்வையாளர்கள் இந்தியில் பத்துச் சொல், இருபது சொல் பழகிக்கொள்கிறார்கள். வந்தவர்களில் பலருக்கு இந்தியும் தாய்மொழி அல்ல. வீட்டில் பேசுவது சாந்தாலியாகவோ குடுக்காகவோ இருக்கும். குடுக்கு திராவிட மொழி. எமனோவும் பரோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் தோடத்துக்கும் கோத்தத்துக்கும் பக்கத்திலேயே அதன் சொற்கள் இருக்கின்றன. அந்தத் தொழிலாளிகள் நிறுவை இடத்தில் ஒரு கழிவை எதிர்த்துப் பேச வேண்டியிருந்தால், இன்றைக்கு அதை யாரிடம் எந்த மொழியில் சொல்கிறார்கள், நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் யார் என்பதை ஒருவர் போய் எழுதிவைக்க வேண்டும்.